எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள், குதிகாலைத் தொட்டுப் பார்க்கவில்லை

குதிகால் வலிக்கு டாக்டரிடம் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காலைத் தொடாமலே எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தால், "எந்த இடத்துல வலிக்குதுன்னு கொஞ்சம் அமுக்கிப் பாருங்க சார்" என்று கேட்டுவிடுங்கள். எனக்கு அப்படி யாரும் பார்க்காததால் ஆடித் தள்ளுபடியில் தொடங்கிய வலி தீபாவளி தாண்டியும் இழுத்தது.

நான் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறேன். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றே வேலை. கிரானைட் தரை, செருப்பு போடக்கூடாது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில், உள்பக்கமாகச் சுருக்கென்று குத்தும். கொஞ்சம் நடந்தால் அடங்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் மறுபடியும் குத்தும்.

தனியார் கிளினிக்கில் எலும்பு டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். "எலும்பு முள்ளு மாதிரி வளந்திருக்கும்மா, அதான் குத்துது. ஊசி போடுவோம், கேக்கலைன்னா ஆபரேஷன்." யூரிக் ஆசிட் டெஸ்டும் எடுக்கச் சொன்னார். அது சரியாகவே இருந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு கொஞ்ச நாள் நிம்மதி, அப்புறம் பழைய வலியே திரும்பியது. இன்னொரு ஊசி போடலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே வேறு கதை. நேராக பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். "எலும்புப் பிரிவுல எழுதி வாங்காம இங்க வரக்கூடாது" என்று அனுப்பிவிட்டார்கள். எலும்புப் பிரிவில் ஓ.பி. நேரம் முடிந்துவிட்டது. ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். சீட்டு கொடுக்கும் இடத்திலேயே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் போனால் காலையிலேயே சீட்டு வாங்கி, எலும்புப் பிரிவு டாக்டரிடம் "பிசியோவுக்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை எல்லாம் சரியாக நடந்தது. அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா எக்ஸ்ரே கவரைத் திறக்கவே இல்லை. கட்டைவிரலால் குதிகாலின் உள்பக்க அடியை அழுத்தினார். உயிர் போனது. பிறகு குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து அமுக்கினார், எலும்பில் விரிசல் இருந்தால் அப்படி அமுக்கும்போது வலிக்குமாம். எரிச்சல், மரத்துப்போவது உண்டா என்று கேட்டார், அது நரம்பு அழுந்துவதால் வருவது. காலையில் இடுப்பும் முதுகும் வெகுநேரம் இறுக்கமாக இருக்கிறதா என்றும் கேட்டார். இளம் வயதுக்காரர்களுக்கு அதோடு குதிகால் வலியும் சேர்ந்து வந்தால் முதுகெலும்பு வாதத்துக்குப் பார்க்க வேண்டுமாம். பின்பக்கம் வலித்தால் குதிகால் நாண் பிரச்சினை.

எனக்கு இருந்தது பிளான்டர் ஃபேசியைடிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு, எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோவது. "அந்த முள்ளு வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இருக்கும்மா. அத வெட்டி ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்றார். திரும்பத் திரும்ப ஊசி போட்டால் குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு தேயலாம், அபூர்வமாகச் சவ்வே கிழியலாம் என்றும் சொன்னார். கிளினிக்கில் இதில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

வைத்தியம் பணம் செலவில்லாதது, பொறுமைதான் வேண்டும். கட்டிலை விட்டு இறங்கும் முன் துண்டை முன்பாதத்தில் மாட்டி, முட்டியை மடக்காமல் நம் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். கை கொண்டு கால்விரல்களை மேல்நோக்கி வளைத்து 10 விநாடி, 10 தடவை. சுவரில் கை ஊன்றி, பின்காலின் குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்கால் சதையை 30 விநாடி இழுக்க வேண்டும். ராத்திரி, ஐஸ் ஆன தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றிப் பாதத்தின் அடியில் உருட்டுவது. பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனாலும் இதிலேயே சரியாகிவிடுமாம். எனக்கு முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை, அதில் விட்டுவிடாதீர்கள்.

செங்கல்லைச் சுடவைத்து எருக்கிலை போட்டு மிதிக்கச் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது, எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குக் கொப்புளம் வந்து புண்ணாகி, ஆற வெகுநாள் ஆனது.

எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கினேன். வேலூரில் தொழுநோயாளிகளின் பாதத்துக்காக உருவாக்கிய ரப்பர் அது. வீட்டுக்குள்ளும் போடுங்கள், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடந்தால் மற்றதெல்லாம் வீண்.

கடையில் ஸ்டூல் கேட்டபோது மேற்பார்வையாளர் முகம் கொடுக்கவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது, கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அதைச் சொல்லி, மருத்துவமனைச் சீட்டையும் காட்டி, பிரிவில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். இப்போது எங்கள் பிரிவில் ஸ்டூல்கள் இருக்கின்றன, கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருகிறோம், எனக்குச் செருப்பு போடவும் அனுமதி கிடைத்திருக்கிறது. கீழ்த்தளத்து ரெடிமேட் பிரிவுக்கு இன்னும் வரவில்லை, அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.