யாழ்ப்பாண வெக்கையைக் கணினி நகரில் அளந்த கதை: பின்னால் வருவோருக்கு

இறுதி ஆண்டு ஆய்வுக்கு நகர வெப்பத்தை எடுக்க நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு எழுதுகிறேன்.

முழு நகரத்தையும் எடுக்காதீர்கள். நான் பேருந்து நிலையத்தையும் கஸ்தூரியார் வீதியின் ஒரு துண்டையும் மட்டும் எடுத்தேன். அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் லான்ட்சாட் 8 என்ற செயற்கைக்கோளின் படத்தை நம்பித்தான் இறங்கினேன். சூட்டை அளக்கும் அதன் வெப்பப் பட்டையில் 100 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். படம் எடுப்பதோ முற்பகலில். அதில் தெரிவது பெரும்பாலும் கூரையின் சூடு. கீழே பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாவின் தலையில் விழும் வெயில் அதில் இல்லை. அதற்குத்தான் கட்டடமும் மரமும் உயரத்தோடு நிற்கும் முப்பரிமாண நகர மாதிரி வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் யூமெப் என்ற இலவசச் செருகியைச் சேர்த்து, அதிலுள்ள சோல்விக் என்ற கருவியை ஓட்டினேன். வெயிலும் சுவரும் தரையும் ஓர் உடம்பின் மேல் வீசும் கதிர்வீச்சை அது இடம் இடமாகக் கணிக்கும்.

கட்டட உயரத்துக்கு 30 மீட்டர் உலக உயரத் தரவை எடுக்க வேண்டாம், ஒரு வீடே அதில் கரைந்துபோகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இலவச இணைய வரைபடத்தில் கட்டட எல்லைகளை எடுத்து, வீதி வீதியாக நடந்து மாடிகளை எண்ணினேன். மாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர்.

மரத்தில்தான் சறுக்கினேன். மர உயரத்தின் காற்பங்கைத்தான் இலையில்லாத அடிமரம் என்று யூமெப் தானாக எடுத்துக்கொள்ளும். வேம்புக்கு அது ஓரளவு பொருந்தும். பனைக்கு? உச்சியில் மட்டும் ஓலை, கீழே நெடுக வெறும் மரம். மாதிரியிலோ என் பனைகள் ஆலமரம்போல் நிழல் பரப்பி நின்றன. பனைக்குத் தனியாக அடிமர உயரம் கொடுங்கள். இந்த ஒன்றையாவது மறக்காதீர்கள்.

அடுத்தது நேரம். சோல்விக்குக் கொடுக்க நான் எடுத்த ஈஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தரவு உலகப் பொது நேரத்தில் வரும், நமக்கு 5.30 மணி கூட்ட வேண்டும். நான் கூட்டவில்லை. உச்சி வெயில் காலை ஆறரைக்கே வந்துவிட்டது! அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் போனது.

அதனால் முதலில் நிழலைச் சரிபாருங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இங்கே நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜூன் மாத மாதிரியில் அது வடக்கே விழுந்தால் எங்கோ பிழை.

கதிர்வீச்சு வரைபடத்தை மட்டும் வைத்து ஓர் இடத்தின் புழுக்கத்தைத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பண்ணைப் பாலம் அதில் செக்கச் சிவப்பாக இருக்கும், ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது அங்கே நின்று பாருங்கள். உடம்புக்குப் படும் சூட்டைச் சொல்ல வேண்டுமென்றால் காற்றையும் ஈரப்பதனையும் சேர்த்துத் தனியாகக் கணிக்க வேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்.