‘எல்லாம் இருக்கு’ என்று வாங்கிய பழைய கேம்பர் வான்

மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குச் சின்ன வயதில் நாங்கள் ட்ரக்டர் பெட்டியில்தான் போவோம். பானை, பாய், அரிசி, விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், ஒரு மரத்தைப் பிடித்து, அதன் கீழே தறப்பாள் கட்டி, 15ஆம் திகதி பூசை முடியும்வரை அங்கேயே கிடப்போம். இப்போது அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. நிலத்தில் படுத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் படுக்கை, அடுப்பு வைத்த வான், அதாவது கேம்பர் ஒன்று வாங்கும் யோசனை வந்தது. ஆசை எனக்கு முதலே இருந்தது, அம்மாவின் முழங்கால் நல்ல சாட்டாக அமைந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வான்களின் விலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிது எங்கள் கைக்கு எட்டாது. தெற்கில் ஒருவர் பழைய டொல்பின் வான் ஒன்றை, ஐரோப்பாவில் கழற்றி வந்த சாமான்களைப் பூட்டிக் கேம்பராக்கி, சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விட்டுவந்திருக்கிறார். அதை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு நானும் அத்தானும் கிளிநொச்சியிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டோம். எஞ்சின், சேசிஸ், பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் அத்தான் பார்த்தார், அவர் அதில் கெட்டிக்காரர். உள்ளே இருக்கிற சாமான்களைப் பார்த்தது நான். அங்கேதான் பிழை விட்டேன்.

விற்றவர் 31 சாமான்களை ஒரு தாளில் வரிசையாக எழுதித் தந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சுவிட்சைப் போட்டார், லைற் எரிந்தது. பைப்பைத் திறந்தார், தண்ணீர் வந்தது. ப்ரிட்ஜில் சிவப்பு லைற் எரிந்தது, ஃபேன் சுத்தியது. நான் தாளில் சரி சரி என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். “எல்லாம் இருக்கு” என்றார். பொய் சொல்லவில்லை, எல்லாம் இருந்தது. ஆனால் ஏசி போடுகிறேன் என்று அவர் எஞ்சினை ஓடவிட்டபடியே எல்லாவற்றையும் காட்டினார் என்பது வவுனியா தாண்டி ஓமந்தைக்குக் கிட்ட வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சின் ஓடினால் கரண்ட் அதிலிருந்து வரும், பற்றரி தனியே தாங்குமா என்று தெரியாது.

அடுத்த நாள் முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே தறப்பாளை விரித்து, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் அதில் பரப்பினேன். கராஜ் வைத்திருந்த பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தார். “தம்பி, இதுகளை ஒண்டொண்டாப் பாக்காத. எது எதோட சேரும் எண்டு பார்” என்றார். நானும் அவரும் தாளை எடுத்து வைத்துவிட்டு, சோடி சேர்க்கத் தொடங்கினோம். அப்போது தெரிந்தது, பாதிச் சாமானுக்குச் சோடி இல்லை. வான் பக்கவாட்டில் பூட்டியிருந்த சுருள் பந்தலை இறக்க ஒரு நீட்டுக் கைபிடி வேண்டும், அது இல்லை. ஜக் இருந்தது, அதைச் சுத்துகிற கம்பி இல்லை. 25 மீற்றர் வயர் சுருள் இருந்தது, அதன் நுனியில் நீல நிறத்தில் உருண்டையான மூன்று குத்தி ப்ளக். ஐரோப்பாவில் கேம்பர் நிறுத்தும் இடங்களில் அதற்கென்றே பெட்டி வைத்திருப்பார்களாம். கிளிநொச்சியில் அதை எங்கே கொண்டுபோய்க் குத்துவது?

பால்மா பேணி ஒன்றுக்குள் ஆணி, வாசர், உடைந்த கிளிப் எல்லாம் கிடந்தன. அதைக் குப்பையில் கொட்டத்தான் எடுத்தேன். அண்ணை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்து, விரலால் கிளறி, விரல் மொத்தத்தில் ஓர் இரும்புத் துண்டை எடுத்தார். ஒரு பக்கம் பூப்போல வெட்டு, மற்றப் பக்கம் ஆறு மூலை. “இதை எறிஞ்சிருந்தா றோட்டில நிண்டு அழுதிருப்பாய்” என்றார். அலோய் வீல் களவு போகாமல் ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட் வேறு மாதிரிப் போட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டை இடையில் வைத்தால்தான் வீல் ஸ்பனர் அந்த நட்டைப் பிடிக்கும். 31 சாமானில் அது எழுதப்படவே இல்லை. இப்போது அது சாவிக் கோர்வையிலேயே தொங்குகிறது. ஸ்பேர் வீல் பின்பக்க அடியில் சங்கிலியில் தொங்குவது. இறக்கிப் பார்த்தால் டயரில் வெடிப்பே இல்லை, பட்டன் புதிதுபோல இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கம் 3609. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம், அதாவது 2009ஆம் ஆண்டின் 36ஆம் வாரத்தில் செய்தது. ஓடாத டயர் என்று சந்தோசப்பட ஒன்றும் இல்லை, றப்பர் சும்மா கிடந்தாலும் கிழண்டும்.

இனிப் பற்றரிக் கதை. இதில்தான் எனக்கு அதிகம் செலவு, அதிகம் படிப்பும் இதில்தான். வானில் இரண்டு பற்றரி: ஒன்று எஞ்சினை ஸ்ராட் பண்ண, மற்றது வீட்டுப் பாவனைக்கு. இரண்டாவதில் 100 அம்பியர் மணி என்று எழுதியிருந்தது. முதல் இரவு எஞ்சினை நிறுத்தி, ப்ரிட்ஜையும் ஒரு சின்ன ஃபேனையும் போட்டுவிட்டு உள்ளேயே படுத்தேன். பொழுதுபட மீற்றரில் 12.6 வோல்ட், நிறைந்த கணக்கு. இரண்டு மணிக்கு ஃபேன் மெல்ல மெல்லச் சுத்தத் தொடங்க வியர்த்து எழும்பிப் பார்த்தால் 11.4, கிட்டத்தட்ட வெறுமை. காலையில் அண்ணை பற்றரியைப் பார்த்துச் சிரித்தார். அது லொறிக்குப் போடுகிற ஸ்ராட்டர் பற்றரி. அந்த வகை ஒரு சில விநாடி பெரிய கரண்டை அள்ளிக் கொடுக்கச் செய்தது, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க அல்ல. அடிக்கடி அடிமட்டம்வரை இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். இந்த வேலைக்கென்று செய்த டீப் சைக்கிள் பற்றரி என்றாலும், ஈய வகையில் பாதிக்குமேல் எடுக்காமல் இருப்பதுதான் அதற்கு நல்லது.

கணக்கு எளிது, நான்தான் முதலே போடவில்லை. அந்த ப்ரிட்ஜ் பற்றரியில், வீட்டுக் கரண்டில், காஸில் என்று மூன்று விதமாக ஓடும். கேட்க நல்லாக இருக்கிறது. ஆனால் உள்ளே கொம்பிரசர் கிடையாது, சூட்டைக் கொண்டுதான் குளிரை உண்டாக்குகிறது. 12 வோல்டில் ஓடும்போது கிட்டத்தட்ட 10 அம்பியர் குடிக்கும். பற்றரியில் எடுக்கக்கூடியது 50 அம்பியர் மணி, அப்படியென்றால் ஐந்து மணித்தியாலம். கூரையில் இருக்கிற 100 வொட் சோலர் நல்ல உச்சி வெயிலில் தருவதே 5, 6 அம்பியர்தான், அதுவும் தூசு துடைத்திருந்தால். ஏ9 பெரிய றோட்டிலிருந்து உள்ளே இறங்கி ஒரு கிறவல் றோட்டில் போய் வந்தால் அந்தப் பலகை செங்கட்டி நிறத்துக்கு வந்துவிடும். உண்மையில் இந்த வகை ப்ரிட்ஜின் 12 வோல்ட் வழி, வண்டி ஓடும்போது ஏற்கனவே குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்க மட்டும்தான். போதாக்குறைக்கு வான் சாய்ந்து நின்றால் ஒழுங்காக வேலை செய்யாது, வெளிச்சூடு 35 பாகைக்குப் போனால் திணறும். சித்திரை, வைகாசியில் வன்னியில் மத்தியானம் அந்தச் சூட்டைத் தொடுவது புதிதா? குளிர்நாட்டுக்காரருக்குச் செய்த சாமான், அதன்மேல் பிழை சொல்ல முடியாது. கடைசியில் அதைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் கொம்பிரசர் ப்ரிட்ஜ் சின்னது ஒன்று போட்டேன். ஓடும்போது 4, 5 அம்பியர் எடுக்கும், ஆனால் குளிர்ந்ததும் நின்றுவிடும், திரும்பத் தேவைப்பட்டால்தான் ஓடும். டீப் சைக்கிள் பற்றரியும் இன்னொரு சோலர் பலகையும் சேர்த்தேன். பூட்டும்போது, சோலர் கரண்டைப் பற்றரிக்கு அளந்து விடுகிற கொன்ரோலருக்கு முதலில் பற்றரி வயர், பிறகுதான் சோலர் வயர். கழற்றும்போது மறுவளம்.

காஸில் நான் பகிடி விடமாட்டேன். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடித்த நாட்களில் எங்கள் அம்மா சிலிண்டரைக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு மூன்று மாதம் விறகில் சமைத்தவர். வானோடு வந்த றெகுலேற்றர் திருகிப் பூட்டும் வகை, இடப்பக்கமாக இறுகுவது. இங்கே வீட்டுச் சிலிண்டரில் வாயில் வைத்து அமத்திப் பூட்டுவது. விற்றவர் அந்த அடுப்பைக் காஸில் எரித்துக் காட்டவே இல்லை, அந்த றெகுலேற்றரை வைத்து எரித்திருக்கவும் முடியாது. அடுப்பின் அடியில் 30 மில்லிபார் என்று ஒட்டியிருந்தது, அது அடுப்புக்குத் தேவையான காஸ் அழுத்தம், குறைந்த அழுத்தம். கடையில் வீட்டுப் பாவனைக்கான லோ பிரஷர் றெகுலேற்றர்தான் கேட்டு வாங்க வேண்டும், சாப்பாட்டுக்கடை அடுப்புக்கு விற்கும் ஹை பிரஷரைப் பூட்டிவிடக் கூடாது. பழைய குழாயை மடித்துப் பார்த்தேன், மடிந்த இடத்தில் நகக்கீறல் மாதிரி வெடிப்புகள். குழாயும் கிளிப்பும் புதிது போட்டு, சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு பூட்டிலும் பார்த்தோம்.

அதைவிட ஒரு விசயம். சிலிண்டர் பெட்டியின் தரையில் உள்ளங்கை அகல ஓட்டை ஒன்று, கம்பி வலை போட்டு இருக்க வேண்டும் என்று அண்ணை சொன்னார். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும், வெளியேற வழி தரையில்தான் வேண்டும். எங்கள் பெட்டியில் ஓட்டையைக் காணவில்லை. தரை விரிப்பைக் கிளப்பினால் கீழே இருக்கிறது. புழுதி வருகிறதென்று யாரோ அழகாக மூடி ஒட்டியிருக்கிறார்கள்! எத்தனை வெள்ளைக்காரர் அதில் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தார்களோ தெரியாது. அந்தப் பெட்டிக்குள் 5 கிலோச் சிலிண்டர்தான் போகும், 12.5 கிலோ உள்ளே போகாது.

தண்ணீர்ப் பக்கம் பெரிய கதை இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட, பம்பின் வடியில் வெள்ளைப் படை கட்டிவிடும், வினாகிரியில் ஊறவிட்டால் போகும். பைப் எல்லாம் பூட்டியிருக்கும்போது நடுச்சாமத்தில் பம்ப் ‘டிர்ர்’ என்று ஒரு தரம் ஓடி நின்றால் எங்கேயோ சொட்டுகிறது என்று அர்த்தம். எனக்குச் சிங்க் அடியில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது.

அந்த நீல ப்ளக்குக்கு மாற்று நுனி ஒன்றை மின் சாமான் கடையில் சொல்லி எடுப்பித்தேன், இரண்டு கிழமை சென்றது. அதைக் குத்துகிற வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்த்துத்தான் குத்துவேன். வயர் சுருளை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும் என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. சோம்பலில் பாதியைச் சுருளில் விட்டுவிட்டுக் கேத்தில் போட்டேன், கொஞ்ச நேரத்தில் தொட்டால் சுருள் சுடுகிறது. பந்தல் கைபிடியைப் பரந்தன் பக்கத்தில் ஒரு வெல்டிங் கடையில் கம்பி வளைத்துச் செய்து தந்தார்கள், கொக்கி அளவு பிடிக்க மட்டும் மூன்று தரம் போனேன்.

மஞ்சள் நிறத்தில் படிப்படியாகச் சரிந்த இரண்டு பிளாஸ்ரிக் கட்டை இருந்தது. அம்மா அதைத் தேங்காய் துருவக் குந்தும் பலகை என்று எடுத்துவிட்டார். மேடு பள்ளத்தில் சில்லை ஏற்றி வானை மட்டமாக நிறுத்துவதற்காம். மடு மணலில் அது வழுக்கிக்கொண்டு போனது, பக்கத்தில் ட்ரக்டர்காரர் ஒருவர் இரண்டு பனங்குற்றியைத் தள்ளிவிட்டார், அதில் நின்றது. பந்தலையும் அங்கேதான் முதன்முதல் விரித்தேன். சோளகக் காற்றுக்கு விரித்த உடனே ஒரு கால் கிளம்பி மேலே அடித்தது. அந்த அலுமினியக் காலுக்குக் குத்துகிற ஊசி ஆணிகள் இறுகிய புல்தரைக்குச் சரி, எங்கள் மணலில் பிடிக்காது. பிறகு சாக்கில் மண் நிரப்பிக் கட்டினோம். அம்மா கட்டிலில் நல்ல நித்திரை, நானும் அத்தானும் வெளியே பழைய தறப்பாளுக்குக் கீழேதான்.

31இல் 30க்குச் சோடி பிடித்துவிட்டோம். மிச்சம் ஒரு வெள்ளை மூடி, ஒரு சாண் அகலம், உள்ளே றப்பர் வளையம். டாங்கிக்கும் பொருந்தவில்லை, சிங்குக்கும் பொருந்தவில்லை. மடுவில் அம்மா அதைச் சம்பல் கோப்பைக்கு மூடியாக்கிவிட்டார், அளவாக இருக்கிறதாம். வானில் இன்னும் நாங்கள் திறக்காமல் வைத்திருப்பது அந்தக் கக்கூஸ் பெட்டி மட்டும்தான். அதைத் திறந்து பார்க்கவும் பயமாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது.