200 வெள்ளிக்குள் ஒரு 1960களின் குரோனோகிராஃப்

வெளிர் டயல், அதில் கறுப்பாக மூன்று சிறு வட்டங்கள், ஓரத்தில் வேகத்தைக் கணக்கிடும் டேக்கிமீட்டர் அளவுகோல், வலப்பக்கம் சாவிக்கு மேலும் கீழும் உருளை வடிவில் இரு பொத்தான்கள். கார் பந்தயங்களை மனத்தில் கொண்டு 1960களில் உருவான குரோனோகிராஃப் கடிகாரங்களின், அதாவது ஓடவிட்டு நிறுத்தி நேரத்தை அளக்கும் வசதியுள்ள கைக்கடிகாரங்களின், தோற்றம் இதுதான். ஹாயர் கரேரா, ரோலெக்ஸ் டேட்டோனா இரண்டும் 1963ஆம் ஆண்டில் வந்தவை. நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த டேட்டோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோனது. அதே காலத்துச் சாதாரணக் குரோனோகிராஃப் ஒன்றை வாங்குவதற்கே பல மாதச் சம்பளம் தேவைப்படும் என்பதால், சிங்கப்பூரில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நான் அந்தத் தோற்றத்தில் ஒன்றை 200 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) உதிரிபாகங்களிலிருந்து நானே பூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு இயந்திரம் பற்றியது. மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். குறைந்த செலவில் கிடைக்கும் முழு இயந்திரக் குரோனோகிராஃப் என்றால், சாவி கொடுத்து ஓட்டும் சீனத் தயாரிப்பான சீகல் எஸ்டி1901தான். சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 இயந்திரத்தைச் செய்யும் கருவிகள் 1960களின் தொடக்கத்தில் சீனாவுக்கு விற்கப்பட்டதிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. சீன விமானப்படைக்காகச் செய்யப்பட்ட கடிகாரத்தின் வழிவந்தது என்பதால் அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால் என் மொத்தச் செலவுத் திட்டத்தில் பாதிக்கு மேல் அது ஒன்றே விழுங்கிவிடும். அதைச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டுத் தரும் கைத்தேர்ந்த பழுதுபார்ப்பவரைத் தேடுவது தனிச் செலவு.

ஆகவே ஜப்பானிய நிறுவனமான செய்கோவின் விகே63 இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேரம் காட்டும் பகுதி பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். நிறுத்தி அளக்கும் பகுதியோ நெம்புகோல்களும் சுத்தியலும் கொண்ட இயந்திர அமைப்பு. நடுவிலுள்ள நீண்ட முள் நொடிக்கு ஐந்து முறை நகர்வதால் பழைய கடிகாரத்தின் ஓட்டத்துக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் அது சுற்றிக்கொண்டு வராமல் ஒரே துள்ளலில் பூச்சியத்துக்குத் திரும்புகிறது. இந்தத் துள்ளலுக்காகவே இதை வாங்கலாம் என்பது என் கருத்து.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வால்ஷூ 72 போன்ற பழைய இயந்திரங்களில் 3 மணி இடத்து வட்டம் 30 நிமிடங்களையும், 6 மணி இடத்து வட்டம் 12 மணி நேரத்தையும் அளக்கும்; 9 மணி இடத்தில் ஓடும் நொடி இருக்கும். விகே63இல் 3 மணி இடத்தில் இருப்பது 24 மணி நேர முள், 6இல் ஓடும் நொடி, 9இல் 60 நிமிட அளவி. பழைய கடிகாரத்தை அப்படியே படியெடுத்து அச்சிட்ட டயலை இதன் மேல் பொருத்தினால் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் 3, 6 மணி இடத்து வட்டங்கள் இரண்டும் பொய் சொல்லும். மலிவான டயல்களில் இந்தப் பொய் சர்வசாதாரணம். எண்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பிறகே நான் டயலுக்குப் பணம் கொடுத்தேன். அப்படியும் முதலில் வந்த டயலின் அடியிலுள்ள இரண்டு ஊசிக்கால்களும் இயந்திரத்தின் துளைகளுக்கு நேராக இல்லை. கால்களை வெட்டிவிட்டுப் பசை வட்டால் ஒட்டிக்கொள்ளலாம் என்றார் விற்றவர். சிறு முட்களின் அச்சு துளையின் நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் பசையை நம்ப எனக்கு விருப்பமில்லை. திருப்பியனுப்பி வேறொன்றை வரவழைத்தேன்.

டயலில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பிரபலமான பெயரை அச்சிட்ட டயல்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்திய நொடியிலேயே அது போலிச் சரக்கு ஆகிவிடுகிறது. புதிதாக அச்சிட்ட எண்களுக்குப் பழுப்பேற்றி ஐம்பது ஆண்டு வயதைக் கூட்டிக் காட்டுவதும் எனக்குப் பிடிக்காத வேலை. பழைய சாயலை நான் கண்ணாடியில் தேடினேன். கீறல் விழாத சஃபையரை விட்டுவிட்டு, குவிந்த அக்ரிலிக் கண்ணாடி பொருத்திய 39 மில்லிமீட்டர் கேஸை, அதாவது கடிகாரத்தின் வெளிக்கூட்டை, எடுத்தேன். சாய்த்துப் பார்க்கையில் டயலின் ஓரத்தை லேசாக வளைத்துக் காட்டும் அந்தக் குவிவு, வேறு எந்தப் பாகத்தாலும் தர முடியாத பழமையைத் தருகிறது. கீறினால் மெருகுப் பசையால் தேய்த்தால் போதும்.

பூட்டும் வேலையில் பொறுமையைச் சோதிப்பவை முட்கள்தாம். மின்விசிறியை நிறுத்தி, ரப்பர் விரலுறை போட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 24 மணி முள் மணி முள்ளோடு இணைந்தே சுழல்வதால், மணி முள்ளை 12இல் வைக்கும்போதே அதையும் 24இல் நிறுத்திவிட வேண்டும். கடைசியாக வருவது நடுவிலுள்ள நீண்ட முள். சாதாரண குவார்ட்ஸ் குரோனோகிராஃப்களில் முள் சற்று விலகியிருந்தால் சாவியை இழுத்துப் பொத்தானை அழுத்திச் சரிசெய்துகொள்ளலாம். இதில் பூச்சியத்துக்குத் திருப்புவது சுத்தியல் என்பதால் அந்த வசதி கிடையாது. முள்ளை எங்கே அழுத்தினோமோ அதுதான் பூச்சியம். கீழ்ப் பொத்தானை அழுத்தி அச்சைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, முள்ளை அச்சின்மேல் மெதுவாக அமர்த்தி, 12க்கு நேர் மேலிருந்து பார்த்த பிறகே அழுத்துகருவியால் செங்குத்தாக இறக்கினேன். இறுக்கம் போதாவிட்டால் சுத்தியல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் நழுவும். ஆகவே மூடுவதற்கு முன் ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி என்று கை சலிக்கும்வரை சோதித்தேன். பக்கவாட்டில் பார்த்து முட்கள் ஒன்றோடொன்று உரசவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

சாவித்தண்டு வேண்டுமென்றே நீளமாக வரும். அளந்து, தேவைக்குச் சற்று அதிகமாக விட்டு வெட்டி, மீதியை அரத்தால் ராவிக் குறைப்பதே பாதுகாப்பு. என் டயலில் தேதிச் சாளரம் இல்லாவிட்டாலும் இயந்திரத்தில் தேதிச் சக்கரம் இருப்பதால், சாவியை இழுக்கையில் எதையும் மாற்றாத ஒரு நடுநிலை தட்டுப்படுகிறது. பழகிவிட்டது.

செலவு, பொருள் சேவை வரி உட்பட: இயந்திரம் 38 வெள்ளி, கேஸ் 72, டயல் 24, முட்கள் 11, தோல்வார் 18, கருவிகள் 30, ஆக 193. கருவிகள் அடுத்த கடிகாரத்துக்கும் உதவும். ரப்பர் வளையங்களில் சிலிக்கான் கிரீஸ் தடவித்தான் மூடினேன் என்றாலும், அழுத்தச் சோதனை செய்யாத கடிகாரம் என்பதால் மழையில் நனைய விடுவதில்லை. டேக்கிமீட்டரை மட்டும் விரைவுச்சாலையில் போகும்போது சோதித்துப் பார்த்தேன்: ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 நொடி, முள் காட்டியது 80.