நாக்கால் பார்த்த தோட்டம்

போன வருடம் பிள்ளைகளை ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். 1848-இல் தொடங்கிய தோட்டம், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் இருவருக்கும் நினைவில் நின்றது வாசலில் வாங்கித் தின்ற சோளக்கதிர் மட்டும்தான். 'தொடாதே, பறிக்காதே, புல்லை மிதிக்காதே' என்று நானே காவலாளி வேலை பார்த்தால் வேறென்ன நிற்கும்?

இந்த அரையாண்டு விடுமுறைக்கு ராமநாதபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தோம். "காரங்காட்டில் ஒரு தோட்டம் இருக்கு, போகலாமா?" என்றதும் மகன் முகத்தைச் சுளித்தான். தண்ணீருக்குள் இருக்கும் தோட்டம் என்ற பிறகுதான் கிளம்பினான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி பக்கமாகப் போகவேண்டும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாண நவக்கிரகங்களுக்கு ஒரு கும்பிடு. அப்புறம் வழியெல்லாம் பனை, உடைமரம், சீமைக்கருவேலம். காய்ந்த கண்ணுக்குக் காரங்காட்டின் பச்சையை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள். இந்தப் பாக் விரிகுடாப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்பார்கள், அவ்வளவு சாது. மன்னார் வளைகுடாதான் 'ஆண் கடல்'.

இருபுறமும் அலையாத்தி, உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் மரம். நெய்தல் பாட்டுகளில் கண்டல் என்று வருகிற குடும்பம். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல ஆயிரக்கணக்கில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. "யாருப்பா குத்தி வச்சது?" என்றாள் சின்னவள். எல்லாம் வேர்தான். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் மூச்சு வாங்க வேர் மேலே வருகிறது என்றேன். சரி என்று தலையாட்டினாளே தவிர நம்பியதாகத் தெரியவில்லை.

படகோட்டி அண்ணன் என்னைவிட நல்ல வாத்தியார். விளக்கமே சொல்லவில்லை. படகைக் கிளையோரம் ஒதுக்கி, "பாப்பா, இந்த இலையை நக்கிப் பாரு" என்றார். நான் தடுப்பதற்குள் நக்கிவிட்டாள். "அப்பா, உப்பு!" பிள்ளைகள் இருவரும் அடுத்த பத்து நிமிடம் எட்டிய இலையையெல்லாம் ஆட்டுக்குட்டிகள் மாதிரி நக்கிக்கொண்டு வந்தார்கள். கடல் உப்பில் பெரும்பகுதியை வேரே வடிகட்டித் தடுத்துவிடும். தப்பி உள்ளே வந்ததை இலை வெளியே தள்ளும், அது வெயிலில் காய்ந்து பொடியாக நிற்கும். இதை நான் பிறகுதான் சொன்னேன். இந்த முறை இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

மகனுக்குப் பிடித்தது நண்டு. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக இருக்கும், ஆண் நண்டு அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். பக்கத்தில் தண்ணீரை விட்டேறிச் சேற்றில் துள்ளும் மீன்கள். மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்று மிதந்து வந்தது, அலையாத்திக் காய். தாய்மரத்தில் இருக்கும்போதே உள்ளே விதை முளைவிட்டுவிடும், விழுந்து மிதந்து எங்கே சேறு கிடைக்கிறதோ அங்கே ஊன்றிக்கொள்ளும். மகன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே தண்ணீரில் திரும்ப விட்டான்.

குறைகளும் உண்டு. வேர்களுக்கிடையே பிளாஸ்டிக் பைகள் சிக்கிக் கிடந்தன. முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடு சமைத்துத் தருவார்களாம், நான் சொல்லவில்லை. பசியோடு திரும்பினோம். இறங்கும்போது சேற்றில் கால் வைத்து மகளின் செருப்பு ஒன்று போயே போய்விட்டது. தொப்பி எடுத்துப் போகாததும் என் தப்பு.

சாலைக்கு வரும்போது மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஒற்றைச் செருப்போடு நொண்டி வந்தவள் நின்று, தன் முழங்கையை நக்கிப் பார்த்தாள்.

"அப்பா, நானும் அலையாத்தி!"