கறந்த கைக்கு ஒரு பங்கு

எங்கள் அத்தை குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். ரொம்ப வருடத்துக்கு முன்னால் அவருக்கும் மாமாவுக்கும் ஒத்துவராமல் போய், ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி அத்து விட்டார்கள். நகை வந்தது, அண்டா வந்தது, பீரோகூட டிராக்டரில் ஏறி வந்தது. மாடு வரவில்லை. அத்தை தன் கம்மலை அடகு வைத்து வாங்கிய ஒரே ஒரு கிடேரி, அதற்குள் மூன்று கறவையாகப் பெருகியிருந்தது. விடிகாலை நாலரைக்கு எழுந்து சாணி வாரி, மடி கழுவி, கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடந்ததெல்லாம் அவர்தான், ஆனால் பால் அட்டை மாமா பேரில். "அட்டை யார் பேர்ல இருக்குதோ மாடும் அவங்களுது" என்றார் ஒரு பெரியவர். பேச்சு அதோடு முடிந்தது.

போன வாரம் வேறு எதையோ தேடப்போய் பழைய அயர்லாந்துச் சட்டத்தில் மாட்டிக்கொண்டேன். கி.பி. 700 வாக்கில் எழுதிய 'கான் லானம்னா', தம்பதிகளுக்கான சட்டம். யார் என்ன கொண்டுவந்தார்கள், யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று அது மாட்டுக் கொட்டாய் வரைக்கும் புகுந்து கணக்கெடுக்கிறது. இருவரும் சொத்தோடு சேர்ந்த கல்யாணம் முறிந்தால், பெருகிய மாடுகளில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, ஒரு பங்கு மாட்டைக் கொண்டுவந்தவருக்கு, ஒரு பங்கு உழைப்புக்கு. பாலிலும் உழைப்புக்கென்று ஒரு பங்கு, அதில் மனைவியின் வேலைக்குத் தனிக் கணக்கு. துணி என்றால் இன்னும் நுணுக்கம்: அவள் நெய்து முடித்திருந்தால் பாதி அவளுக்கு, வெறும் ரோமமாகவே கிடந்தால் பங்கு குறையும். லுங்கித் தறிக்குத் தார் சுற்றியே காலம் தள்ளும் எங்கள் ஊர்ப் பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

புருஷன் அடித்துத் தழும்பு விழுந்தால் அவள் பிரிந்து போகலாம். படுக்கையறைச் சங்கதியை அவன் ஊரில் போய்ச் சொன்னாலும் போகலாம்!

சரி, அதற்காக அங்கே பெண்கள் ராணி மாதிரி வாழ்ந்தார்கள் என்று இணையத்தில் சிலர் எழுதுவதை நம்பிவிட வேண்டாம். அதே காலத்து இன்னொரு நூல், பெண்ணைச் சிறு வயதில் தகப்பன் பார்த்துக்கொள்வான், அப்புறம் கணவன், அப்புறம் பிள்ளைகள் என்கிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் மனு சொன்னதேதான், அட்லாண்டிக் கரையில். ஒருவரை அவமானப்படுத்தினால் கட்ட வேண்டிய 'மான விலை' என்று ஒன்று உண்டு, அதில் மனைவிக்குக் கணவனுடையதில் பாதிதான். அண்ணன் தம்பி இல்லாத மகளுக்கு நிலம் கிடைக்கும், ஆனால் அவள் ஆயுள் வரைக்கும்தான், பிறகு அது தகப்பன் வழிப் பங்காளிகளுக்குத் திரும்பிவிடும். இரண்டாம் தாரத்தைக் கொண்டுவந்தால், மூத்தவள் அவளை மூன்று நாள் அடிக்கலாம் என்று வேறு சட்டம். என்ன நியாயமோ.

எனக்குப் பிடித்தது அந்த உழைப்புப் பங்கு ஒன்றுதான். கணவர் சவுதியில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கில், அவளுடைய வீட்டு வேலையும் சொத்து சேர்த்ததில் ஒரு பங்குதான் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. அங்கே ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன்னால் பாலைக்கூடப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போனில் சொன்னேன். அயர்லாந்து எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்கவில்லை. "மூணு பங்கா?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கயனி அவருது. கிடேரி என் கம்மல்ல வாங்குனது. வேலை நான் செஞ்சது. அப்போ மூணுல ரெண்டு எனக்குத்தானே வரணும்?"

ஆமாம் என்றேன்.

"ரெண்டு மாடு" என்றார். அப்புறம், செவலையையும் சுட்டிப்பசுவையும்தான் ஓட்டிக்கொண்டு வந்திருப்பாராம், மூன்றாவது உதைக்கும்.