அட்டவணையில் இருக்கும் தமிழும் அலுவலகத்தில் இருக்கும் தமிழும்

கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் முள்ளோடையைத் தாண்டும்போது மக்கள் பேசும் தமிழ் மாறுவதில்லை. அதை ஆட்சிமொழியாக்கிய சட்டம் மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் 1956-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம், அந்தப் பக்கம் 1965-ஆம் ஆண்டின் புதுச்சேரி ஆட்சிமொழிகள் சட்டம்.

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றுவிட்டாலே ஒரு மொழி ஆட்சிமொழியாகிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். 1950-இல் 14 மொழிகளோடு தொடங்கி இன்று 22 மொழிகளைக் கொண்டிருக்கும் அந்த அட்டவணையை அரசியலமைப்பு நேரடியாகக் குறிப்பிடுவது இரண்டு பிரிவுகளில்தான்: ஆட்சிமொழி ஆணையத்தில் இம்மொழிகளுக்குப் பிரதிநிதித்துவம் தரும் 344, இந்தி எந்தெந்த மொழிகளிலிருந்து வளம் பெறலாம் என்று சொல்லும் 351. நம் அலுவலகங்களை இன்றும் ஆளும் ஆங்கிலம் அந்த அட்டவணையிலேயே இல்லை. உண்மையான அதிகாரம் 345-ஆம் பிரிவின்கீழ் மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரி போன்ற ஒன்றியப் பகுதிக்கு அந்த வாய்ப்பை 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டம் கொடுத்தது.

புதுச்சேரியின் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1956-இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்டு, 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி, மாகிக்கு மலையாளத்துக்கும் ஏனாமுக்குத் தெலுங்குக்கும் வழிவிட்டு, ஆங்கிலத்தையும் தொடர அனுமதித்தது. பிரெஞ்சின் சட்ட நிலை இன்னதென்று இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆனால் அது வழக்கறிஞர்களின் வாதம், மக்களின் கவலையன்று.

பாகூர்ப் பக்கத்து உறவினர் வீட்டில் பிரெஞ்சுக் காலத்து நிலப் பத்திரம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நொத்தேர் என்ற பத்திரப்பதிவு அலுவலர் எழுதிய சாய்ந்த பிரெஞ்சு எழுத்து பக்கம் முழுவதும் ஓடுகிறது. விற்றவரும் வாங்கியவரும் மட்டும் அடியில் தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தாங்கள் படிக்க இயலாத தாளில் தங்கள் நிலத்தைக் கைமாற்றிய அவர்களைப் பார்த்து இரக்கப்பட நமக்குத் தகுதி இருக்கிறதா என்பது ஐயமே. இன்றைய அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தமிழைக் கட்டாயமாக்காமல் ஆங்கிலத்துக்கும் இடம் கொடுத்த சட்டத்தில், எழுதிப் பழகிய மொழியை விட்டு எந்த எழுத்தர் வெளியே வருவார்?

நீதிமன்றத்துக்கு வந்தால் கதவு இன்னும் குறுகுகிறது. புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில்தான். 348-ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கு ஆங்கிலத்தை விதித்தாலும், குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு ஆளுநர் வேறு மொழியை அனுமதிக்க இடம் வைத்திருக்கிறது. இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவை அவ்வழியில் இந்தியைப் பெற்றன. தமிழுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு அந்த இசைவு கிடைக்கவில்லை. ஒரே பிரிவு ஒரு மொழிக்குத் திறந்து மற்றொன்றுக்கு மூடியிருப்பதை நிர்வாக வசதி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

350-ஆம் பிரிவின்படி என் குறையை எந்த அதிகாரிக்கும் நான் தமிழில் எழுதித் தரலாம். பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்பதைப் பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை. குடிமக்களின் மனுவுக்குத் தரும் பதிலுக்கும் நிலம், வரி, உதவித்தொகை தொடர்பான ஆணைகளுக்கும் தமிழ்ப் படி கட்டாயம் என்று புதுச்சேரிச் சட்டமன்றம் தன் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க முற்படலாம்; அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.