ஒரே கடிதம், 140 பிரதிகள்

ஜோர்ஜ்டவுனில் நான் பணிபுரியும் நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரில் இடம் தீரத் தொடங்கியபோது, புதிய வட்டுகள் வாங்கும் முன், ஒரே கடிதத்தின் மறுபிரதிகள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று கணக்கிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய சர்வரில் இது பெரிய சிக்கலாக இல்லை. ஒரு தரவுத்தளத்தில் ஒரு கடிதத்தை ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி அதில் இருந்தது. அந்த வசதியை, வட்டின் விலை குறைந்துவிட்டதாலும் வேகம் தேவைப்பட்டதாலும், மைக்ரோசாஃப்ட் தன் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் 2010 பதிப்பில் கைவிட்டது.

ஊழியர்களின் 140 அஞ்சல் பெட்டிகளில் 14-ஐ மாதிரியாக எடுத்து, கிடைக்கும் விகிதத்தை முழுமைக்கும் பொருத்தலாம் என்று முதலில் எண்ணினேன். மறுபிரதிகளை அப்படி அளக்கவே முடியாது. இருவருக்கு மட்டும் போன கடிதத்தின் இரண்டு பிரதிகளும் அந்தப் பதினான்குக்குள் அமைய நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. ஆகவே சிறு குழுக்களுக்குள் சுற்றிய கடிதங்கள் பெரும்பாலும் ஒற்றைக் கடிதங்களாகவே தெரிந்தன. மூன்று நாள் உழைப்பைக் கைவிட்டு, எல்லாப் பெட்டிகளையும் எடுத்தேன்.

"தம்பி, எங்க கடிதத்தை எல்லாம் படிக்கப் போறீங்களா?" என்று கணக்குப் பிரிவு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு கடிதத்தின் மெசேஜ்-ஐடி (கடிதத்துக்கான தனி அடையாளக் குறி), அளவு, இணைப்புக் கோப்பின் ஷா-256 மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) ஆகிய மூன்றை மட்டுமே நிரல் பதிவு செய்கிறது என்பதை அவர் மேசையிலேயே திறந்து காட்டினேன்.

தைப்பூச விடுமுறை அறிவிப்பில்தான் உண்மை விளங்கியது. 6 எம்பி கோப்பு, அஞ்சலில் செல்வதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாறும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி 8 எம்பி ஆகிறது. அனைத்து ஊழியர் அஞ்சல் பட்டியல் வழியாக 140 பெட்டிகளுக்குப் போனதும் 1,120 எம்பி. அதே அறிவிப்பைப் பிரிவுத் தலைவர்கள் தத்தம் பிரிவுப் பட்டியலுக்கு மறுபடியும் அனுப்பியிருந்தார்கள். அப்படி அனுப்பும்போது மெசேஜ்-ஐடி புதிதாகிவிடுவதால், ஐடியை மட்டும் நம்பிய என் முதல் கணக்கு அவற்றைப் புதுக் கடிதங்களாக எண்ணியது. முழுக் கடிதத்துக்கும் ஷா மதிப்பு எடுத்தாலும் பயனில்லை. பட்டியல் மென்பொருள் அடியில் சேர்க்கும் ஒரு வரி போதும், மதிப்பு மாறிவிடும். இணைப்புக் கோப்பைத் தனியே பிரித்தெடுத்து ஒப்பிட்ட பிறகே கணக்கு சரியாக வந்தது.

அறிக்கை கொடுத்த மறுவாரம், நிர்வாகப் பிரிவு அடுத்த அறிவிப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்து, அதன் முகவரியை மட்டும் அனுப்பியது. அந்தக் கடிதத்தின் அளவு 9 கேபி.